துருவத்தைத் தாண்டி வரும் டிஜிட்டல் வானொலி: வீட்டிலிருந்தே பிடித்துக் கேட்பது எப்படி?

உலக உருண்டை ஒன்றை எடுத்து, நியூஸிலாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பசிபிக்கைக் கடந்து, ஆர்க்டிக் பெருங்கடலின் மேலேறி, ஏறக்குறைய 17,000 கிலோமீட்டரில் நூல் முடியும். நியூஸிலாந்தின் ஆர்என்ஸட் பசிபிக் வானொலி தன் தீவு நேயர்களுக்காக அனுப்பும் டிஜிட்டல் சிற்றலை, சில நாட்களில் இந்த வழியாகவே வட ஐரோப்பா வரை போய்ச் சேர்கிறது. அதைப் பிடிப்பதுதான் இந்தப் பாடம். கருவி எதுவும் வாங்க வேண்டாம். கணினியும் இணையமும் பொறுமையும் இருந்தால் போதும்.

செயற்கைக்கோள் இருக்கும்போது சிற்றலை எதற்கு என்று கேட்கலாம். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்கள் 81 பாகை அட்சரேகைக்கு அப்பால் அடிவானத்துக்குக் கீழே போய்விடுகின்றன. அதற்கு முன்பே, 70 பாகையை ஒட்டிய ஊர்களில், டிஷ் ஏறத்தாழ தரையைப் பார்த்தபடி நிற்கும். ஒரு மலை குறுக்கே வந்தால் போயிற்று. தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள் இணையம் இன்று துருவம் வரை வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அதற்கு ஆன்டெனாவும் இடைவிடாத மின்சாரமும் மாதச் சந்தாவும் வேண்டும். வேட்டைக்குப் போகிறவரின் பையில் இருக்கும் வானொலிப் பெட்டிக்கு அவை வேண்டியதில்லை. கனடாவின் வட கியூபெக்கில் இனுக்டிடுட், கிரீ ஆகிய பழங்குடி மொழி நிகழ்ச்சிகளை 9625 கிலோஹெர்ட்ஸில் சுமந்து வந்த சாக்வில் சிற்றலை நிலையத்தின் ஒலிபரப்பு 2012 இறுதியில் நின்றது. அதற்கு ஈடாக 5 ஊர்களில் எஃப்எம் வைத்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் எஃப்எம் கேட்காது. இந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

முதல் படி: ரிசீவரைத் தேர்ந்தெடுங்கள்

கிவிஎஸ்டிஆர் என்பது 0 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ரிசீவர். உலகெங்கும் ஆர்வலர்கள் இதைத் தங்கள் வீட்டில் வைத்து, இணையம் வழியாக எவரும் இலவசமாகக் கேட்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அதன் உலக வரைபடத்தைத் திறந்து, ஐஸ்லாந்து அல்லது நார்வே, ஸ்வீடன், பின்லாந்தின் வடபகுதியில் ஒரு ரிசீவரைத் தேர்ந்தெடுங்கள். ஆட்கள் குறைவாக இருப்பதாகப் பாருங்கள். டிஜிட்டல் ஒலியைப் பிரித்தெடுப்பது கடும் கணக்கு வேலை என்பதால், பலர் கேட்டுக்கொண்டிருக்கும் ரிசீவரில் அந்த வசதி கிடைக்காமல் போகலாம்.

இரண்டாம் படி: நேரத்தைச் சரிசெய்யுங்கள்

ஒலிபரப்பு அட்டவணைகள் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழியுங்கள். ஆர்என்ஸட் ஒரு நாளில் பல முறை அலைவரிசையை மாற்றும். ஆகவே அன்றைய அட்டவணையையே பாருங்கள்.

மூன்றாம் படி: கண்ணால் தேடுங்கள்

திரையில் வண்ண அருவி போல ஒரு படம் கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண ஏஎம் நிலையம் என்றால் நடுவில் பளிச்சென்று ஒரு கோடும், இருபுறமும் பேச்சுக்கேற்பத் துடிக்கும் நிழல்களும் தெரியும். டிஆர்எம் எனப்படும் டிஜிட்டல் சிற்றலைக்கு அந்த நடுக்கோடு கிடையாது. 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், ஓரம் வெட்டிய பாய் போல, ஒரே சீராகக் கிடக்கும். ஏஎம் முறையில் வைத்துக் கேட்டால் தகரக் கூரையில் பெய்யும் மழைபோலச் சோவென்ற இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்தான் குரல் இருக்கிறது.

அதன் நடுப்பகுதியில் அலைவரிசையை நிறுத்தி, எக்ஸ்டென்ஷன் பட்டியலில் டிஆர்எம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: விளக்குகளை வாசியுங்கள்

முழுப் பாடமும் இங்கேதான் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். டைம், ஃபிரேம், எஃப்ஏசி, எஸ்டிசி, எம்எஸ்சி என்று வரிசையாகச் சிறு விளக்குகள் இருக்கும். டைமும் ஃபிரேமும் பச்சையானால், ரிசீவர் சிக்னலின் தாளத்தைப் பிடித்துவிட்டது என்று பொருள். எஃப்ஏசி பச்சையானால், என்ன வகை ஒலிபரப்பு என்று அதற்குப் புரிந்துவிட்டது. எஸ்டிசி பச்சையானால் நிலையத்தின் பெயர் தெரியும். எம்எஸ்சி பச்சையானால்தான் குரல்.

துருவ வழியில் வரும் சிக்னல் பெரும்பாலும் எஸ்டிசியோடு நின்றுவிடும். திரையில் நிலையத்தின் பெயர் எழுத்தில் தெரிகிறது, ஒலியோ வரவில்லை. முதல் முறை அப்படிப் பார்த்தபோது, நாற்பது நிமிடம் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எம்எஸ்சி விளக்கு சிவப்பில் இருந்து பச்சைக்கு மாறி, ஒரு பெண் குரல் நான்கு சொல் பேசி, மறுபடி சிவப்பு. இரைச்சலே இல்லாத, பக்கத்து அறையில் பேசுவது போன்ற நான்கு சொற்கள்.

பெயர் மட்டும் வந்து குரல் வராததற்குக் காரணத்தைப் பார்க்க, புள்ளிப் படத்தைத் திறவுங்கள். வந்து சேரும் சிக்னல் அதில் புள்ளிகளாக விழும்; ஒவ்வொரு கொத்தும் ஒரு தரவு மதிப்பைக் குறிக்கும். எஃப்ஏசிக்கு எப்போதும் 4 கொத்துகள் மட்டுமே. சற்றுக் கலங்கினாலும் பிரித்தறியலாம். குரல் சுமக்கும் எம்எஸ்சியில் 16 அல்லது 64 கொத்துகள். 64 இருக்கும்போது கொஞ்சம் கலங்கினாலே ஒன்றோடொன்று ஒட்டி, மாவு கொட்டியது போல் ஆகிவிடும்.

ஐந்தாம் படி: எந்த மோட் என்று பாருங்கள்

துருவத்தில் கலக்கம் ஏன் அதிகம்? துருவ ஒளி தோன்றும் வளையத்தில், சிற்றலையைத் திருப்பி அனுப்பும் மேல்வான அடுக்கான அயனிமண்டலம் கொதிநீர் போல அலைந்துகொண்டிருக்கிறது. அதில் பட்டுத் திரும்பும் அலையின் அலைவரிசை, அந்த அசைவினால் (டாப்ளர் விளைவு) நடுங்குகிறது. பல வழிகளில் பிரிந்து முன்னும் பின்னுமாக வந்து சேர்கிறது. டிஆர்எம்மை வடிவமைத்தவர்கள் இதற்காகவே சிற்றலைக்கும் அதற்குக் கீழுள்ள அலைகளுக்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு மோட்களை வைத்தார்கள். பி மோடில், தரவைப் பங்கிட்டுச் சுமக்கும் சிறு அலைகளான கேரியர்களுக்கு இடையே சுமார் 47 ஹெர்ட்ஸ் இடைவெளி. டி மோடில் 107. இடைவெளி கூடினால் நடுக்கத்தைத் தாங்கும். தாமதமாக வரும் பிரதியைப் பொறுத்துக்கொள்ளும் நேரமும் 5.33 மில்லிவினாடியிலிருந்து 7.33 ஆகிறது. இதற்கு விலையும் உண்டு: மற்றவை மாறாமல் இருந்தால், டி மோடில் அனுப்பக்கூடிய தரவு பி மோடில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

துருவ மக்களுக்காக அனுப்புகிற நிலையம் இசைத் தரத்தை விட்டுக்கொடுத்து, 16 கொத்துகளோடு உறுதியான மோடையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. ஏஎம் ஒலி தேய்ந்து தேய்ந்து மறையும். இரைச்சலுக்கு நடுவிலும் புயல் எச்சரிக்கையை ஊகித்துக்கொள்ளலாம். டிஜிட்டல் அப்படியல்ல. ஒரு நொடி தெளிவு, மறுநொடி வெறும் மௌனம்.

ஆறாம் படி: வானிலையைக் குறித்துவையுங்கள், விண்வெளி வானிலையை

பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று சொல்லும் கேபி குறியீடு 0 முதல் 9 வரை போகும். 2க்குக் கீழே இருக்கும் நாட்களில் முயலுங்கள். 5ஐத் தொட்டால் புவிகாந்தப் புயல். அன்று ஐஸ்லாந்து ரிசீவரை விட்டுவிடலாம். சூரியனிலிருந்து புரோட்டான்கள் சீறி வந்தால், கேபி குறைவாக இருந்தாலும் துருவத் தொப்பி, அதாவது துருவத்தைச் சுற்றியுள்ள வான்பகுதி, முழுவதும் சிற்றலையை நாள்கணக்கில் விழுங்கிவிடும்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், அலைவரிசை, கேபி எண், எந்த விளக்கு வரை பச்சையானது என்று ஐந்து கட்டம் போடுங்கள். குரல் வராத நாளையும் எழுதுங்கள். இரண்டு வாரம் போனால் எந்த மணிக்கு வழி திறக்கிறது என்று உங்கள் நோட்டே சொல்லும்.

பழகிய பிறகு, ரஷ்யாவின் சுக்கோத்கா பகுதியின் ரேடியோ பூர்கா அட்டவணையில் இருக்கிறதா என்று தேடுங்கள். பூர்கா என்றால் பனிப்புயல். அதன் டிஆர்எம் ஒலிபரப்பு ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையை ஒட்டிய வடகடல் வழியில் போகும் கப்பல்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. அதற்கு ஐஸ்லாந்து ரிசீவரைவிட ஜப்பானில் உள்ள ரிசீவர் நல்ல தொடக்கம்.