தோட்டத்துரையின் வம்சத்தைத் தேடுவது எப்படி? முதல்முறை தேடுபவர்களுக்கு

இலங்கை மலையகத்து வீடுகளில் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையின் பெயராவது பேச்சில் அடிபடும். எங்கள் பாட்டிக்கு வருஷக் கணக்கு தெரியாது. “அந்தத் துரை இருந்தப்ப கட்டின லயம்” (லயம் என்றால் ஆட்களின் வரிசை வீடு), “இந்தத் துரை போனதுக்கப்புறம் பொறந்தவ உங்கம்மா” என்று துரைமாரை வைத்தே காலத்தைச் சொல்வார். எங்கள் குடும்பத்தின் கதையைத் தேடப் போன எனக்கு, முதலில் அந்தத் துரை யார் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

கூலிக்கு வந்தவரைப் பற்றித் தாள்கள் குறைவு. காணி வாங்கிய துரைக்கோ, ஞானஸ்நானம் முதல் கல்லறை வரை தாள்கள் இருக்கின்றன. அந்தத் தாள்களின் ஓரத்தில்தான் கங்காணியும் (ஆட்களைத் திரட்டி வேலை வாங்கியவர்) ஆட்களும் தலைகாட்டுகிறார்கள். துரையின் வம்சத்தைத் தேடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நம் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதற்காகத்தான்.

இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களை வைத்தே எழுதுகிறேன். நீலகிரி, மூணாறு பக்கம் எங்கே வழி மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

1. தோட்டத்தின் பெயரைப் பிடியுங்கள்

துரையின் பெயரிலிருந்து தொடங்க வேண்டாம். ஸ்காட்லாந்துப் பெயர்கள் மூன்று தலைமுறை நம் நாக்கில் உருண்டபின் அடையாளமே தெரியாமல் போயிருக்கும். தோட்டம் நகராது. அதைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம்.

ஒரு சிக்கல், தோட்டத்துக்கே இரண்டு பெயர். கொழும்புத் தாளில் ஒன்று, ஆட்களின் வாயில் இன்னொன்று. பாட்டி சொன்ன பெயரை வரைபடத்தில் தேடித் தேடி அலுத்துப்போனேன். அப்புறம்தான் பெர்குசன் டைரக்டரியைப் பற்றித் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்த இந்த இலங்கை டைரக்டரியில், தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களையும் பட்டியல் போட்டிருப்பார்கள். வாய்ப்பெயரிலிருந்து தாள்பெயருக்குப் போக இதைவிட நல்ல பாலம் இல்லை.

தாள்பெயர் கிடைத்ததும் அதையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டன்கெல்ட், டன்சினேன், ஸ்ட்ராத்ஸ்பே, ஹோலிரூட் எல்லாம் ஸ்காட்லாந்து இடப்பெயர்கள். காட்டை முதலில் வெட்டித் திறந்தவர் பல நேரம் சொந்த ஊரின் பெயரையே தோட்டத்துக்கு வைத்தார். அவருடைய ஞானஸ்நானப் பதிவை எந்தப் பக்கம் தேடலாம் என்பதற்கு அது முதல் துப்பு. துப்பு மட்டும்தான், சாட்சி அல்ல.

2. முதலாளியா, சம்பளக்காரரா?

புதிதாகத் தேடுபவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் இது. நம் ஆட்களுக்குப் பங்களாவில் இருந்தவரெல்லாம் பெரிய துரை. ஆனால் பெரிய துரை என்பது தோட்டத்தை நடத்தும் சூப்பிரண்டனின் (மேலாளரின்) பெயர். காணி வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலையின் தந்தை என்று உலகம் சொல்லும் அவர் அந்தத் தோட்டத்தின் முதலாளி இல்லை. 1852இல் பதின்ம வயதில் ஸ்காட்லாந்திலிருந்து சம்பளத்துக்கு வந்து, 1892இல் வேலையிலிருந்து விலக்கப்பட்டு அதே ஆண்டு இறந்தவர். அந்தத் தோட்டத்துக்கு அவர் பெயரில் காணி உறுதி (பத்திரம்) தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களோ ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

டைரக்டரியில் முதலாளி, ஏஜென்ட், சூப்பிரண்டன் மூவரையும் தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள். ஒரு கொப்பியில் கோடு போட்டு, ஆண்டு, தோட்டம், முதலாளி, சூப்பிரண்டன், ஏக்கர் என்று ஐந்து பத்திகளை நிரப்புங்கள். ஓர் ஆண்டைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கிடைக்கிற எல்லா ஆண்டுகளையும் பாருங்கள். பெயர் எந்த ஆண்டில் மாறுகிறது என்பதில்தான் கதை இருக்கிறது.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி கவிழ்ந்தது. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு முதலாளியின் பெயர் காணாமல் போனால் அவர் செத்துப்போனார் என்று முடிவு கட்டாதீர்கள். கடனில் தோட்டத்தை இழந்து வேறு நாட்டுக்குக் கப்பலேறியவர்கள் பலர். கல்லறைக்குப் போகுமுன் மலாயா பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

3. காணி எப்படி வந்தது?

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசின் சொத்து என்று கொள்ள வழி செய்தது. கிராமத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சேனை (காட்டை எரித்துச் செய்யும் பயிர்) வெட்டிய மலைகள் அப்படித்தான் கைமாறின. அரசு அதை ஏக்கருக்கு ஐந்து ஷில்லிங் என்று விற்றது. 1844இல் குறைந்தபட்ச விலை ஒரு பவுண் ஆயிற்று. ஆரம்பத்தில் வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகளும் பட்டாள அதிகாரிகளும் நிறைய. உங்கள் துரை 1844க்கு முன் காணி வாங்கியவரானால் அவரைத் தோட்டக்காரர் பட்டியலில் மட்டும் தேடாமல், அரசு உத்தியோகப் பட்டியலிலும் ராணுவப் பட்டியலிலும் தேடுங்கள். உறுதியின் பின்னாலேயே போக வேண்டுமானால் காணிப் பதிவகமும் நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களும் இருக்கின்றன. பொறுமை வேண்டும்.

4. எந்த அரசின் தாள்?

இலங்கை 1802இலிருந்து, இந்திய நிர்வாகத்தில் சேராத தனி முடியாட்சிக் காலனியாக இருந்தது. அதனால் அதன் நிர்வாகக் கடிதங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், சி.ஓ. 54 என்ற வரிசையில் கிடக்கின்றன. கொழும்பில் இலங்கை தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது.

நீலகிரி, ஏற்காடு, வயநாடு பக்கத்துத் துரையானால் அவர் மெட்ராஸ் மாகாணத்தவர். அவருடைய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் (இந்திய நிர்வாகத்தைப் பார்த்த லண்டன் அலுவலகம்) ஆவணங்களில், என் 2 என்ற வரிசையில் வரும். அவற்றைப் பைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்திலும் பார்க்கலாம். பிபிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கம் தன் தளத்தில் இலவசத் தேடல் வைத்திருக்கிறது. காணி, வருவாய்த்துறைக் கோப்புகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். இலங்கைத் துரையை இந்தியா ஆபீஸில் தேடி மாதக்கணக்கை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். முதலில் மாகாணத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

5. கல்லறைக்குப் போங்கள்

போகுமுன் கல்லறை எழுத்துகளின் இரண்டு பழைய பட்டியல்களைப் பாருங்கள். இலங்கைக்கு ஜே. பென்ரி லூயிஸ் 1913இல் தொகுத்தது, மெட்ராஸ் மாகாணத்துக்கு ஜே. ஜே. காட்டன் 1905இல் தொகுத்தது. இன்று அழிந்துவிட்ட எழுத்துகள் அவற்றில் முழுசாக இருக்கக்கூடும். பட்டியலில் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள், நேரில் போங்கள்.

காலை எட்டு மணிக்குள் போவது நல்லது, அல்லது வெயில் சாயும் நேரம். உச்சி வெயிலில் கல் வெறும் வெள்ளையாகத் தெரியும். சாய்ந்த ஒளியில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து ஒவ்வொன்றாக எழும்பி வரும். நிழலான இடத்தில் இருந்தால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் அடியுங்கள். சுத்தமான தண்ணீரும் மென்மையான துணியும் போதும். சாக்கட்டி தேய்க்காதீர்கள், கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போகாதீர்கள். பாசியோடு எழுத்தும் உதிர்ந்துவிடும். நான்கு பக்கமும் படம் எடுங்கள். கல்லில் இருக்கிறபடியே, வரி உடைந்த இடத்தில் உடைத்து எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கல்லறைகளையும் படியுங்கள். மைத்துனன், பங்காளி, சின்னத்துரை (உதவி மேலாளர்) எல்லாரும் அங்கேதான் படுத்திருப்பார்கள். மழைக்காலமானால் அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்துப் போங்கள்.

கோயிலின் வயதை வைத்துக் கல்லறையின் வயதைக் கணிக்க வேண்டாம். மூணாறு சி.எஸ்.ஐ. தேவாலயம் 1910இல் எழுந்தது. அதன் கல்லறைத் தோட்டத்தில் முதல் அடக்கமோ 1894இல் நடந்தது. காலராவில் இறந்த எலினர் நைட் என்ற இளம்பெண், தோட்ட மேலாளரின் மனைவி.

6. கடல் தாண்டுங்கள்

ஸ்காட்லாந்துக்காரரானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அங்கே சிவில் பதிவு 1855இல் தொடங்கியது. அங்கத்து இறப்புப் பதிவில், தகவல் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தால், இறந்தவரின் தகப்பன் பெயரும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் இருக்கும். ஓய்வுபெற்று ஊர் திரும்பி அங்கேயே இறந்த துரையானால் ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் கணக்குத் திறந்தால் அட்டவணையில் இலவசமாகத் தேடலாம். பதிவின் படத்துக்கு மட்டும் காசு.

இங்கிலாந்து, வேல்ஸில் பதிவு 1837 ஜூலையில் தொடங்குகிறது. இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் வராது. அங்கே 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த குடிக்கணக்கு கைகொடுக்கும். 1851இலிருந்து உறவுமுறையும் பிறந்த ஊரும் போட்டிருக்கிறார்கள். அப்பா அம்மாவோடு இருக்கும் பத்து வயதுப் பையனாக உங்கள் துரையை அதில் காணலாம். கடல் தாண்டி அனுப்பப்படும் முன் அவர் யாருடைய பிள்ளை என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

7. பெயரை உடைத்துப் பாருங்கள்

பொகவந்தலாவ புனித மரியாள் தேவாலயத்து வளவில் சார்ல்ஸ் ஹே கேமரனும் அவர் மனைவி ஜூலியா மார்கரெட் கேமரனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவர், இலங்கை நிர்வாகத்தைச் சீர்திருத்தப் பிரிட்டன் அனுப்பிய கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழுவின் கேமரன், இலங்கையில் கோப்பிக் காணிகள் வாங்கியவர். மனைவி உலகம் அறிந்த புகைப்படக் கலைஞர்.

நடுவில் நிற்கும் ‘ஹே’ என்ன? சார்ல்ஸின் தாய் ஹே குடும்பத்துப் பெண். தாயின் குடும்பப் பெயர் மகனின் நடுப்பெயராகிறது. இது ஸ்காட்லாந்தில் பரவலான வழக்கம். அதே ஹே அடுத்த தலைமுறைக்கும் போகிறது, ஒரு மகன் ஹென்றி ஹெர்ஷல் ஹே கேமரன். அப்படியானால் ஹெர்ஷலும் ஒரு பாட்டி வழியா? இல்லை. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் ஜூலியாவின் நெருங்கிய நண்பர். நடுப்பெயர் உறவையும் காட்டும், நட்பையும் காட்டும். வேறொரு தாள் ஒத்துச் சொல்லும் வரை அதைப் பென்சிலில் எழுதுங்கள்.

இந்தக் குடும்பத்தின் தாள்கள் எங்கெங்கே கிடக்கின்றன பாருங்கள். 1838இல் கல்கத்தாவில் நடந்த கலியாணம் இந்தியா ஆபீஸில். 1860க்குப் பின் வைட் தீவில் வாழ்ந்த வீடு இங்கிலாந்துக் குடிக்கணக்கில். அந்த வீட்டின் பெயர் டிம்போலா, இலங்கைக் காணியின் பெயர். தோட்டத்துக்குச் சொந்த ஊரின் பெயர் போவதுபோலவே, வீட்டுக்குத் தோட்டத்தின் பெயரும் வரும். 1875இல் இலங்கைக்கு வந்தார்கள். ஜூலியா 1879இல் இறந்தார், சார்ல்ஸ் 1880இல். ஒரே குடும்பத்துக்கு மூன்று நாட்டு அலுமாரி.

8. உயிலும் அதன் ஓரமும்

இங்கிலாந்து, வேல்ஸில் 1858 முதல் உயில்களுக்கு ஆண்டுவாரியான பொதுப் பட்டியல் இருக்கிறது. கடல் தாண்டிய நாட்டில் இறந்தவரின் சொத்து இங்கிலாந்தில் இருந்தால் அவர் பெயரும் அதில் வரலாம். இலங்கையில் இறந்தவரின் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமென்டரி (இறந்தவர் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும்) வழக்கு நடந்திருக்கும். கிடைத்தால் முழுக் கட்டையும் கேளுங்கள், முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். பின்னால் வரும் சொத்துக் கணக்கில், கங்காணிக்குக் கொடுத்த முன்பணம் தோட்டத்துக்கு வரவேண்டிய கடனாக எழுதப்பட்டிருக்கலாம், பெயரோடு. ஆட்களைக் கடனோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அதற்கு முந்திய கணக்குகளில் நம் முன்னோரைத் தேட வேண்டிய இடம் அந்தக் கடன் பத்தி.

உயிலின் கடைசிப் பத்திகளை மெதுவாகப் படியுங்கள். உறவு என்ன என்று சொல்லாமல் ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் பணம், ஒரு பிள்ளையின் படிப்புக்கு ஒரு தொகை என்று எழுதியிருந்தால் நின்று யோசியுங்கள். துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் பலரின் பதிவில் தகப்பன் கட்டம் காலி. வடக்கே டார்ஜிலிங், அசாம் தேயிலைத் தோட்டங்களில் அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்காகவே 1900இல் கலிம்போங்கில் ஒரு விடுதிப்பள்ளி தொடங்கப்பட்டது. இன்று அது டாக்டர் கிரகாம்ஸ் ஹோம்ஸ். 1908 முதல் அங்கிருந்து பிள்ளைகளை நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தாய்வழியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் தேடலில் இப்படி ஒரு காலிக் கட்டம் வந்தால், அந்தப் பெண்ணின் பெயரை வம்சப் படத்தில் துரையின் மனைவிக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), லயத்தின் எண், எது கிடைக்கிறதோ அதை எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் பேசாமல் அதை வெளியே பகிர வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்த அன்று, பாட்டியின் தங்கை வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்துபோய், தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு ஞானஸ்நானச் சீட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.