கேம்ஷாஃப்ட் மாற்றப் போகிறீர்களா? முதலில் சாமான் சேருங்கள்

எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் கடைசி வாஷர் வரை எல்லாம் மேசைமேல் இருக்க வேண்டும். இதை நான் மூன்று நாள் பாடுபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டை உருவி எடுத்த பிறகுதான், எண்ணெய் கசியாமல் தடுக்க வாங்கி வைத்திருந்த ஆயில் சீல் வளையம் வேறு வண்டியுடையது என்று தெரிந்தது. சரியான சீல் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்வதற்குள், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் திறந்து கிடந்த எஞ்சினில், வால்வைத் தள்ளும் நெம்புகோல்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டின்மேல் தேநீர் நிறத்தில் துரு படர்ந்துவிட்டது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் ஓர் அலகு அமைத்து உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் காயப்போட்டு ஆராய்வது சும்மா அல்ல.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆறு வால்வு; எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் ஒரே கேம்ஷாஃப்ட். டைமிங் பெல்ட் அதைச் சுழற்றுகிறது. பிஸ்டன்கள் சுழற்றும் கீழ்த் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. உங்கள் வண்டி வேறென்றால் சாமான்களின் பெயர் மாறும், சேர்க்கும் முறை மாறாது.

படி 1: கேம்தான் குற்றவாளியா?

டக் டக் என்ற சத்தம் கேட்டதும் கேம் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள டேப்பெட் இடைவெளி கூடியிருந்தாலும் அதே சத்தம்தான். முதலில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து இடைவெளியைச் சரிசெய்து பாருங்கள். சில நூறு கிலோமீட்டரில் மறுபடி கூடினால், அந்தச் சிலிண்டரின் கேம் மூக்கோ (தண்டிலுள்ள புடைப்பு), அதன் தள்ளலை வால்வுக்குக் கொடுக்கும் நெம்புகோலான ராக்கரின் முகமோ தேய்கிறது என்று சந்தேகப்படலாம்.

படி 2: சேஸிஸ் எண்ணும் சர்வீஸ் புத்தகமும்

சேஸிஸ் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "800-க்கு ஒரு கேம் கொடுங்கள்" என்று கேட்டால் கார்பரேட்டர் வண்டிக்கு இன்ஜெக்ஷன் வண்டிச் சாமான் வந்து சேரும். சர்வீஸ் புத்தகம் இல்லாமல் இறங்கவே கூடாது. பழைய புத்தகங்களில் இறுக்க அளவு கிலோகிராம் மீட்டரில் இருக்கும்; அளவு பார்த்து இறுக்க இப்போது விற்கும் டார்க் ரெஞ்சில் நியூட்டன் மீட்டர். 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: வாங்க வேண்டிய சாமான்கள்

கேம்ஷாஃப்ட் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வருவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. நானும் அப்படித்தான் கீழக்கரையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக் காக்கா (அங்கே அண்ணனை அழைப்பது அப்படித்தான்) புதுக் கேமைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ராக்கர் எங்கே?" என்று கேட்டார். பழையது நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். "பழைய கேமோடு சேர்ந்து தேய்ந்த ராக்கர், புதுக் கேமையும் தன் வடிவத்துக்குத் தேய்த்துவிடும்" என்றார். ஆகவே ராக்கர் ஆர்ம் ஆறையும் கேமோடு சேர்த்தே வாங்குங்கள். ராக்கர் ஷாஃப்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டியதுதான். எண்ணெய்த் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். எண்ணெய் போகாமல் தேய்ந்த கேமுக்குப் பதிலாகப் புதியதை வைத்தாலும் அதே கதிதான்.

டைமிங் பெல்ட் எப்படியும் கழற்றப்படும். புதியது போடுங்கள், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து. பெல்ட்டை மடித்து வைக்கக் கூடாது, எண்ணெய் படவும் கூடாது.

அடுத்து, என்னை மூன்று நாள் காக்கவைத்த ஆயில் சீல். சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், கனம், எல்லாம் மில்லிமீட்டரில். கடையிலேயே அவற்றைப் படித்துப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். டேப்பெட் கவர் பேக்கிங்கையும் வாங்குங்கள். இந்த எஞ்சினில் பெட்ரோல் பம்பையும், சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் இயக்குவது கேம்ஷாஃப்ட்தான் என்பதால் அந்த இரண்டின் பேக்கிங்கும் வேண்டும். பட்டியலில் விட்டுப்போவது பெரும்பாலும் இவைதான். ஹெட்டையே இறக்கிச் செய்வதென்றால் ஹெட் கேஸ்கெட்டும் புதியதாக வேண்டும்.

கேம் சுற்றி வந்த எண்ணெய்த் தாளைப் பொருத்தும் நாள்வரை பிரிக்காதீர்கள். அழகு பார்க்கப் பிரித்தால் உப்புக்காற்றும் சேர்ந்து பார்க்கும்.

படி 4: கருவிகள்

10, 12, 14, 17 அளவுகளில் ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் பெரும்பாலான வேலைக்குப் போதும். டார்க் ரெஞ்ச் இரண்டு இருந்தால் நல்லது: கவர் போல்ட் போன்ற சின்னவற்றுக்கு ஒன்று, புல்லி போல்ட்டுக்கு ஒன்று. பெரிய ரெஞ்சை வைத்துச் சின்ன போல்ட்டை இறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிடும். ஃபீலர் கேஜ், நீளக் கைப்பிடி, பெயின்ட் மார்க்கர் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். கேமின் உயரத்தை அளக்க 25 முதல் 50 மில்லிமீட்டர் வரையுள்ள மைக்ரோமீட்டர் வேண்டும். இதற்காக விலை கொடுத்து வாங்க வேண்டாம், லேத் பட்டறையில் அளந்து தருவார்கள். தண்டு வளைந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே டயல் கேஜில் பார்த்துவிடலாம்.

படி 5: எண்ணெய், துணி, டப்பா

எஞ்சின் ஆயில், புது ஃபில்டர், கேம் மூக்கில் தடவ மாலிப்டினம் கலந்த பசை, துருப்பிடித்த போல்ட்டுக்கு ஊறவைக்கும் எண்ணெய். இந்தக் கடைசிச் சாமான் கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களில் விருப்பம், கடலோரத்தில் இருக்கும் நமக்குக் கட்டாயம். முதல் நாள் மாலையே போல்ட் தலைகளில் அடித்துவிட்டு உறங்கப் போங்கள். திரும்ப மாட்டும்போது மரைகளைத் துடைத்துவிடுங்கள். புத்தகத்தில் உள்ள இறுக்க அளவு உலர்ந்த மரைக்கானது என்றால், எண்ணெய் பட்ட மரையில் அதே அளவு போல்ட்டைக் கூடுதலாக இழுத்துவிடும்.

துடைக்கப் பஞ்சு வேண்டாம், நூல் உதிரும். பழைய வேட்டிதான் சிறந்தது. ராக்கர், ஸ்பிரிங், திருகு ஒவ்வொன்றும் எந்த இடத்துடையது என்று எழுதிவைக்க முறுக்கு டப்பாக்கள் போதும், வீட்டில் கேட்டுவிட்டு எடுத்தால் சரி.

படி 6: நாள் பார்த்தல்

பஞ்சாங்கத்தைச் சொல்லவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கரையேறிய படகுகளின் எஞ்சின்கள் எல்லாம் அப்போதுதான் பட்டறைக்கு வரும். உங்கள் ஒற்றைக் கேமை அளக்க ஒருவருக்கும் கை ஓயாது. தடை முடிந்ததும் செய்யலாம் என்றால் ஆடிக் காற்று மணலை வாரி இறைக்கும். திறந்த ஹெட்டுக்குள் மணல் போனால் புதுக் கேம் வாங்கிய காசும் மண்தான். சுவரும் கதவும் உள்ள இடம் கிடைத்தால் எந்த மாதமும் பரவாயில்லை. கொட்டகைதான் என்றால் தை, மாசியில் காற்று அடங்கிய ஒரு நாளாகப் பாருங்கள்.

படி 7: மேசையில் ஒத்திகை

முந்தின நாள் மேசையில் ஒரு துணியை விரித்து, கழற்றும் வரிசையிலேயே இடமிருந்து வலமாகப் புதுச் சாமான்களை அவற்றின் உறைகளோடு வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்கான ஸ்பேனர். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அதில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் மேசையில் ஒரு பொருளைத் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று இல்லையென்றால் டேப்பெட் கவரைத் தொடாதீர்கள். மறுநாள் அந்தக் காரிலேயே போய் வாங்கிவரலாம்; சத்தம் போட்டாலும் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.