அரை அங்குலப் பைப்பில் புல்லாங்குழல் செய்யும் முறை

தண்ணீர் இணைப்பு எடுத்த வீடுகளில் ஒரு துண்டு எஸ்லோன் (பிவிசி) பைப் எப்படியும் மிஞ்சிக் கிடக்கும், குழலுக்கு அதுவே போதும். மூங்கில்தான் இனிமை என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் வன்னியில் குழலுக்கு ஏற்ற மெல்லிய மூங்கில் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் காய்ந்து வெடித்துவிடும். பைப் வெடிக்காது, சின்னப் பிள்ளைகளின் கையில் தைரியமாகக் கொடுக்கலாம்.

உள்விட்டம் 16 மில்லிமீற்றர் அளவில் உள்ள பைப்பில் 46 சென்ரிமீற்றர் வெட்டிக்கொள்ளுங்கள். ஹெக்சோ பிளேட், கை டிறில், உருண்டை அரம் இருந்தால் சரி. மின் டிறில் வேண்டாம் என்பேன், அது வழுக்கித் துளையைப் பெரிதாக்கிவிடும். மூங்கிலுக்குச் செய்வது போல பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடவே கூடாது, இந்தப் பிளாஸ்டிக் கருகினால் நெஞ்சை அரிக்கும் அமிலப் புகை வரும்.

நீளவாக்கில் ஒரு நேர்கோடு கீறி, ஒரு முனையிலிருந்து 5 சென்ரிமீற்றரில் வாய்த்துளைக்கு அடையாளம் இடுங்கள். இனித்தான் முக்கியமான இடம். பைப்பின் சுவர் மெல்லியது, அப்படியே துளைத்தால் காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்கும். அதே பைப்பில் இன்னொரு 4 சென்ரிமீற்றர் துண்டை நெடுக்காகக் கீறி, கொதிநீரில் போட்டு இளக்கி, வாய்த்துளை வரும் இடத்தில் கவசமாகப் பொருத்திப் பைப் பசையால் ஒட்டுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 9 மில்லிமீற்றர் பிட்டால் துளைத்து, நீளவாக்கில் 11 வரை அரத்தால் முட்டை வடிவாக்குங்கள். உதட்டுக்கு எதிர்ப்பக்க விளிம்பில்தான் மூச்சு மோதி ஒலியாகிறது, அது கூராக இருக்கவேண்டும். அழகுக்காக அரத்தாள் போட்டு அதை மழுக்கிவிட்டால் எவ்வளவு ஊதினாலும் குழல் பேசாது. பிசிறை மட்டும் உள்ளிருந்து பிளேட் நுனியால் சுரண்டி எடுங்கள்.

வாய்த்துளைப் பக்கத்து முனையின் அடைப்புக்குப் பழைய றப்பர் செருப்பை வட்டமாக வெட்டி இறுக்கமாகத் தள்ளுங்கள். கடையில் விற்கும் மூடியைவிட இதுதான் நல்லது, முன்பின் நகர்த்தலாம். வாய்த்துளை நடுவிலிருந்து 16 மில்லிமீற்றரில், அதாவது உள்விட்டம் அளவு தூரத்தில் நிற்கட்டும். தள்ளிப் போனால் மேல்ஸ்தாயி சுருதி சேராது.

இப்போது ஊதிப் பாருங்கள், ஏறத்தாழ ஜீ (G) சுருதி வரும். போனில் சுருதி காட்டும் ரியூனர் ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு, தாழ்ந்திருந்தால் கீழ் முனையை ஒவ்வொரு மில்லிமீற்றராகக் குறையுங்கள். காலைக் குளிரிலும் உச்சி வெயிலிலும் ஒரே சுருதி வராது, 10 பாகை செல்சியஸ் ஏறினால் அரைச்சுரத்தில் கால்வாசிக்கும் மேல் உயரும். அதனால் சிறிது நேரம் ஊதிக் குழலைச் சூடாக்கிவிட்டு அளவெடுங்கள்.

விரல் துளைகள் ஆறு. வாய்த்துளையிலிருந்து 18, 21, 24.5, 28, 30, 33.5 சென்ரிமீற்றரில் முதலில் 5 மில்லிமீற்றர் துளை மட்டும் போடுங்கள். அப்புறம் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக அரத்தால் பெருப்பியுங்கள். பெருக்கப் பெருக்கச் சுருதி ஏறும், ஏறியதை இறக்குவது கடினம், ஆகவே பொறுமை. எல்லாத் துளையும் மூடியதை ச என்று வைத்தால் சங்கராபரண ராகம் கிடைக்கும்.

பின்சேர்க்கை: பிள்ளைகளின் விரல் எட்டவில்லை என்று சிலர் கேட்டார்கள். மோதிர விரலுக்கான துளைகளைக் கோட்டிலிருந்து சற்றுப் பக்கவாட்டில் போடுங்கள், தூரம் மாறாதவரை சுருதிக்கு ஒன்றும் ஆகாது. அதற்கும் எட்டாவிட்டால் 36 சென்ரிமீற்றர் பைப்பில் எல்லா அளவையும் அதே விகிதத்தில் சுருக்கி மார்க் பண்ணி, துளைகளை இன்னும் சிறிதாகத் தொடங்குங்கள்.