ஆயிரம் ரூபாய்க்குள் கடைக்கு ஒரு வெப்சைட்: செக்கு எண்ணெய்க் கடை ஒன்றை வைத்து முழு செய்முறை

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களத்துக்கும் எண்ணெய் மில்லுக்கும் பஞ்சமே இல்லை. அந்த ஊரில் என் சித்தி மகன் போன வருடம் வாகை மரச்செக்கு ஒன்று போட்டு, எண்ணெய் ஆட்டி விற்க ஆரம்பித்தான். மூன்றாவது மாதம் போன் வந்தது. “அண்ணா, வெப்சைட் போட்டுத் தர்றதுக்கு இருபத்தஞ்சாயிரம் கேக்கறாங்க. அதுபோக வருசா வருசம் எட்டாயிரமாம். குடுத்துரலாமா?”

கொடுக்காதே என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், அவனும் அவன் மனைவியும் நானும் உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டோம். டொமைன் பெயர், அதாவது வெப்சைட்டின் முகவரி, வாங்கிய எழுநூற்றுச் சொச்சம் ரூபாய்தான் மொத்தச் செலவு. அன்று செய்ததை அப்படியே வரிசையாக எழுதுகிறேன். கோடிங் தெரிய வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு கூகுள் கணக்கு, கேள்விகளைக் குறித்துவைக்க ஒரு வாரம், கம்ப்யூட்டர் வேலைக்கு ஒரு நாள் இருந்தால் போதும்.

படி 1: கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு நோட்டு

வெப்சைட்டில் என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். அடுத்த கடையின் சைட்டைப் பார்த்து “தரமே எங்கள் தாரக மந்திரம்” என்று எழுதிவைக்கிறார்கள். அதைப் படித்து யாரும் எண்ணெய் வாங்கப்போவதில்லை.

கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். ஒரு வாரம், போனிலும் நேரிலும் வாடிக்கையாளர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். தம்பி கடை நோட்டில் இருந்தவை சில: “லிட்டர் என்னங்க விலை?” “நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டறீங்களா, வெல்லமா?” “கோயமுத்தூருக்கு அனுப்புவீங்களா?” “ஞாயித்துக்கிழமை கடை இருக்குங்களா?” “அடியில வண்டல் நிக்குது, கெட்டுப்போச்சுங்களா?” “ஒரு லிட்டர்னு குடுத்தீங்க, எடை போட்டா ஒரு கிலோ வரலியே?”

கடைசிக் கேள்வி அந்த வாரத்தில் மட்டும் நாலு முறை வந்திருந்தது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான் வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து, கேட்காமலே போன வாடிக்கையாளர்களும் இருந்திருப்பார்கள். இந்த ஒரு விளக்கத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தோம். அந்த நோட்டுதான் உங்கள் வெப்சைட். மீதியெல்லாம் அதை ஏற்றுகிற வேலை.

படி 2: டொமைன் பெயர். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்

டொமைன் விற்கும் தளங்களில், டாட் இன் என்று முடியும் முகவரிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 600 முதல் 900 ரூபாய் ஆகும். டாட் காம் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல். உள்ளூர் வியாபாரத்துக்கு டாட் இன் தாராளமாகப் போதும். முதல் வருடம் 99 ரூபாய் என்று விளம்பரம் பார்த்தால், இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நீங்கள் வருடா வருடம் கட்டப்போவது அந்தத் தொகையைத்தான். பணம் கட்டும் பக்கத்தில் ஹோஸ்டிங், இமெயில், பாதுகாப்பு என்று நாலைந்தை அவர்களே டிக் செய்து வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

பெயர் தேர்வில் தமிழ்க் கடைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. “செக்கு” என்பதை ஆங்கிலத்தில் எஸ் போட்டு எழுதுவோரும் சி-ஹெச் போட்டு எழுதுவோரும் இருக்கிறார்கள். “ழ” வந்தால் இசட்-ஹெச் போடுவதா, எல் போடுவதா என்ற குழப்பம் வேறு. நாங்கள் யோசித்த பெயரைப் போனில் மூன்று பேரிடம் வாயால் சொல்லி, எழுதி அனுப்பச் சொன்னோம். முதல் பெயருக்கு மூன்று விதமான எழுத்துகள் வந்தன. அதைக் கைவிட்டு, மூன்று பேரும் ஒரே மாதிரி எழுதிய இன்னொரு பெயரை எடுத்தோம்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில், உங்கள் போன் நம்பரில், நீங்களே வாங்குங்கள். என் நண்பர் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கிலேயே பதிந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து அவருக்கும் இவருக்கும் பேச்சு நின்றுபோனது. விசிட்டிங் கார்டு, பை, கடைப் பலகை எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரி அவர் கையில். மீட்க முடியாமல் நண்பர் புதுப் பெயருக்குப் போனார். வெப்சைட்டை எங்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முகவரி போய்விட்டால் போனதுதான்.

இலவசமாகக் கிடைப்பதை நம்பி முகவரியையும் அதிலேயே வைத்துக்கொள்வதும் இதே ஆபத்துதான். கூகுள் மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் பக்கத்தோடு ஒரு குட்டி வெப்சைட்டும் இலவசமாகத் தந்துகொண்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். சொந்த டொமைனை அதோடு இணைத்திருந்தவர்கள் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்கள். கூகுள் கொடுத்த முகவரியையே அச்சடித்து வைத்திருந்தவர்கள்தான் தவித்தார்கள்.

படி 3: பக்கங்களை உருவாக்குதல்

நாங்கள் எடுத்தது, வெப்சைட் செய்ய கூகுள் தரும் கருவியான கூகுள் சைட்ஸ். இலவசம், விளம்பரம் வராது, சொந்த டொமைனை இணைக்கலாம், சைட்டுக்கான பாதுகாப்புச் சான்றிதழும் தானாகவே கிடைக்கும். அந்தச் சான்றிதழ் இல்லாத தளங்களை 2018 முதல் குரோம் பாதுகாப்பற்றது என்று காட்டுகிறது. வாடிக்கையாளர் அதைப் பார்த்தாலே மூடிவிடுவார். அழகில் கூகுள் சைட்ஸ் கொஞ்சம் சுமார்தான். ஆனால் எண்ணெய் வாங்க வருகிறவருக்கு விலையும் வழியும் தெரிந்தால் போதும்.

கூகுள் கணக்கில் நுழைந்து, சைட்ஸைத் திறந்து, பிளஸ் குறியை அழுத்தினால் வெற்றுப் பக்கம் வரும். மேலே கடைப் பெயர். வலப் பக்கம் இருக்கும் பட்டியலிலிருந்து எழுத்துப் பெட்டி, படம், பட்டன், வரைபடம் ஆகியவற்றை இழுத்து வைக்கலாம். மூன்று பக்கம் போதும்: முகப்பு, கேள்வி பதில், தொடர்பு. முகப்பில் என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், விலை என்ன, எப்படி வாங்குவது என்ற நான்கும் விரலால் ஓரிரு முறை தள்ளுவதற்குள் வந்துவிட வேண்டும். செய்துகொண்டிருக்கும்போதே முன்னோட்டத்தில் போன் சின்னத்தை அழுத்தி, சின்னத் திரையில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் போனில்தான் பார்ப்பார்.

நோட்டீஸ் அடித்துக் கொடுத்த பிளக்ஸ் கடையிலிருந்து எழுத்தை வாங்கி அப்படியே ஒட்டாதீர்கள். பல அச்சுக் கடைகளில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான். வெப்சைட்டில் அது தமிழாகத் தெரியாது, கன்னாபின்னா என்று ஆங்கில எழுத்துகளாக வரும். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு எழுத்தில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். தம்பியின் மனைவி போனில் குரல் தட்டச்சிலேயே எல்லாவற்றையும் சொல்லி, தனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டு, அங்கிருந்து எடுத்து ஒட்டினார். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினோம்.

படி 4: விலைப் பட்டியல்

கொப்பரை விலை ஏறினால் எண்ணெய் விலையும் மாறும். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்ற வேண்டும் என்றால் இரண்டாம் மாதமே விட்டுவிடுவோம். பழைய விலை போட்ட வெப்சைட்டால் கடையில் சண்டைதான் வரும்.

அதனால் விலையைத் தனியே ஒரு கூகுள் ஷீட்டில், அதாவது எக்செல் மாதிரியான அட்டவணையில், போட்டோம். எண்ணெய், அளவு, விலை என்று மூன்றே பத்தி. மேலே “விலை மாற்றிய தேதி”. சைட்ஸில் அந்த ஷீட்டை இழுத்து வைத்துவிட்டால், தம்பி போனில் ஷீட்டைத் திருத்தினாலே வெப்சைட்டிலும் மாறிவிடும்.

இங்கே ஒரு இடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள், நாங்களும் வழுக்கினோம். தம்பி போனில் விலை அழகாகத் தெரிந்தது. மாமாவுக்கு அனுப்பினால் அவர் போனில் அனுமதி கேட்டு ஒரு வெள்ளைக் கட்டம். ஷீட்டின் பகிர்வு அமைப்பில் “இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்” என்று மாற்ற மறந்திருந்தோம். பார்க்க மட்டும்தான் அனுமதி தர வேண்டும். திருத்த அனுமதி தந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் உங்கள் விலையை மாற்றலாம். எதைச் செய்தாலும் உங்கள் கணக்கு இல்லாத வேறொருவர் போனில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

படி 5: படங்கள்

கேமரா வாடகைக்கு எடுக்க வேண்டாம். காலை 9 மணிக்கு ஜன்னல் ஓரம், பின்னால் ஒரு வெள்ளை வேட்டி, கண்ணாடிப் பாட்டிலில் எண்ணெய். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் நல்லெண்ணெயின் பொன்னிறம் அப்படியே வரும். ஃபிளாஷ் போட்டால் பாட்டில் பளபளக்கும், எண்ணெய் தெரியாது. செக்கு சுற்றும்போது ஒரு படம், புண்ணாக்கு விழுவதை ஒரு படம் கட்டாயம் எடுங்கள். அவை உங்கள் கடையைத் தவிர வேறெங்கும் கிடைக்காத படங்கள். இணையத்தில் கிடைக்கும் அடுத்தவர் படத்தை எடுக்காதீர்கள். போன் படம் ஒன்று 4 எம்பி கூட இருக்கும். ஸ்குவூஷ் என்ற இலவசத் தளத்தில் அகலத்தை 1,200 பிக்சலாக்கினால் 200 கேபி அளவுக்குக் குறைந்துவிடும். சிக்னல் குறைந்த ஊரில் இருப்பவருக்கும் சட்டென்று திறக்கும்.

படி 6: வாட்ஸ்அப் பட்டன்

சைட்டிலேயே பணம் வாங்கும் பேமென்ட் கேட்வே, பொருளைச் சேர்த்து வாங்கும் ஷாப்பிங் கார்ட் எல்லாம் ஆரம்பத்தில் தேவையில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்டணம் பிடிப்பார்கள், பராமரிக்கும் வேலையும் அதிகம். ஒரு வாட்ஸ்அப் பட்டன் போதும். இணைப்பு இப்படி இருக்க வேண்டும்: வாட்ஸ்அப்பின் குறு முகவரியான டபிள்யூஏ டாட் எம்இ, ஒரு சாய்கோடு, 91, அதை ஒட்டி உங்கள் பத்து இலக்க எண். நடுவில் பிளஸ் குறி, இடைவெளி, முன்னால் பூஜ்யம் எதுவும் கூடாது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உங்கள் கணக்குக்கான இணைப்பை அதுவே தயாரித்துத் தரும், “எண்ணெய் ஆர்டர் செய்ய வேண்டும்” என்ற தொடக்க வரியையும் சேர்த்து வைக்கலாம். வாடிக்கையாளர் பட்டனை அழுத்தினால் செய்தி தயாராக நிற்கும், அவர் அனுப்பினால் போதும். பணம் யுபிஐயில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: டொமைனை இணைத்தல்

பலர் பயப்படுவது இதற்குத்தான். உண்மையில் இரண்டு வரியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஒட்டுவதுதான் வேலை. சைட்ஸின் அமைப்புகளில் கஸ்டம் டொமைன்ஸ் என்பதற்குப் போய் உங்கள் முகவரியை மூன்று டபிள்யூவோடு சேர்த்துக் கொடுங்கள். இது உங்களுடையதுதானா என்று உறுதிசெய்ய கூகுள் ஒரு நீண்ட வரி தரும். அதை நகலெடுத்து, டொமைன் வாங்கிய தளத்தில் டிஎன்எஸ் பகுதியில் (முகவரி எந்த சைட்டுக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் இடம் அது) டெக்ஸ்ட் வகைப் பதிவாகச் சேருங்கள். பிறகு சி-நேம் வகையில் இன்னொரு பதிவு: பெயர் மூன்று டபிள்யூ, மதிப்பு கூகுள் காட்டும் முகவரி. பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும், சில சமயம் 48 மணி நேரம்கூட ஆகும். வரவில்லையே என்று நடுவில் போட்டுக் குழப்பாமல் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

மூன்று டபிள்யூ இல்லாமல் தட்டினாலும் சைட் திறக்க வேண்டும் அல்லவா? அதற்கு டொமைன் வாங்கிய தளத்திலேயே ஃபார்வர்டிங் என்று ஒரு வசதி இருக்கும். அதில் முழு முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

படி 8: சட்டப்படி போட வேண்டியவை

கடையின் முழுப் பெயர், முகவரி, போன் நம்பர், திருப்பி எடுத்துக்கொள்ளும் விதி, புகார் சொல்ல யாரை அணுகுவது என்பவை 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கேட்பவை. உணவுப் பொருள் என்பதால் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணையும் போடுங்கள். எண்ணெய் வாங்கும் அம்மாக்கள் பலர் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். இன்னொன்று: வெப்சைட் வந்ததும் பெங்களூரிலிருந்து ஆர்டர் வரும். எண்ணெய் போன்ற வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்க, விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அதுவரை “தமிழ்நாட்டுக்குள் மட்டும்” என்று சைட்டில் எழுதிவிடுவது நல்லது. தம்பி அப்படித்தான் செய்தான்.

படி 9: தேடுபவர் கண்ணில் பட

கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையைப் பதிந்து, அதில் வெப்சைட் முகவரியைச் சேருங்கள். இலவசம். கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். பெயர்ப் பலகை, கடை உள்பக்கம் இரண்டும் ஒரே ஓட்டத்தில் தெரியும்படி எடுங்கள். பிறகு கூகுள் தேடலுக்கு உங்கள் சைட்டைத் தெரியப்படுத்தும் சர்ச் கன்சோலில் அதைச் சேர்த்துவிடுங்கள். ஷீட்டுக்குள் இருப்பதைத் தேடுபொறி படிக்கும் என்று நம்ப வேண்டாம். “மரச்செக்கு கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், காங்கேயம்” என்று முகப்பில் எழுத்தாகவே ஒரு வரி இருக்கட்டும். டொமைன் வாங்கிய சில நாளிலேயே “உங்க சைட்டை கூகுள்ல முதல் இடத்துக்குக் கொண்டுவர்றோம்” என்று போன்கள் வரும். ஒருவருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

படி 10: இரண்டு பேர் கையில் சாவி

கூகுள் கணக்கு, டொமைன் கணக்கு இரண்டின் கடவுச்சொல்லும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சைட்ஸிலும் ஷீட்டிலும் அவரைத் திருத்துநராகச் சேர்த்துவிடுங்கள். டொமைன் முடியும் தேதியை இருவர் போனிலும் ஒரு மாதம் முன்னதாக அலாரமாக வையுங்கள். தானாகவே புதுப்பிக்கும் ஆட்டோ ரின்யூவல் போட்டிருந்தாலும் கார்டு காலாவதியாகியிருந்தால் பணம் போகாது. தேதி தாண்டிவிட்டால் மீட்பதற்குக் கட்டணம் பல மடங்கு, அதற்கும் பிறகு யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி கடையில் அந்த நோட்டு இன்னும் கல்லாப் பக்கத்தில்தான் இருக்கிறது. போன வாரம் “பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா காசு கழிப்பீங்களா?” என்று ஒரு புதுக் கேள்வி வந்திருந்தது. ராத்திரி கடை சாத்திவிட்டு அவன் மனைவி அதைக் கேள்வி பதில் பக்கத்தில் சேர்த்துவிட்டார்.