கிளாக்கோமா சொட்டு மருந்து: எங்கே தவறுகிறோம்?

கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தால், முதல் பாட்டில் தீர்ந்ததும் ‘கோர்ஸ் முடிந்தது’ என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. கண் வலிக்கவில்லை, பார்வையும் நன்றாகத்தான் இருக்கிறது, மருந்து போட்டும் ஒன்றும் மாறவில்லை, பிறகு எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்த மருந்து பார்வையைக் கூட்டுவதற்கு அல்ல. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, பார்வை நரம்பு மேலும் கெடாமல் காப்பதுதான் அதன் வேலை. போன பார்வை திரும்ப வராது. அதனால் டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது, போடும் விதம். தலையை நன்றாகச் சாய்த்து, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் சின்னப் பை போல ஒரு இடம் தெரியும். அதில் ஒரு சொட்டு விழுந்தால் போதும். கண்ணில் ஒரு சொட்டுகூட முழுசாகத் தங்காது, இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். பாட்டில் நுனி இமையிலோ முடியிலோ படக்கூடாது, கிருமி உள்ளே போய்விடும். போட்டதும் பலர் படபடவென்று கண்ணைச் சிமிட்டுவார்கள். அது மருந்தை மூக்குக்குத் தள்ளிவிடும். மெதுவாகக் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் 2 நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் டிமோலால் என்ற கிளாக்கோமா சொட்டு மருந்து. மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்தால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் வரலாம், நாடித் துடிப்பும் குறையலாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ‘கண்ணுக்குத்தானே மருந்து’ என்று நினைத்துப் பலரும் இதைச் சொல்வதே இல்லை.

இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள். இல்லாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது கழுவிவிடும். லட்டனோப்ராஸ்ட் போன்றவை ஒரு நாளைக்கு ஒரு வேளைதான், பெரும்பாலும் இரவில். நேற்று மறந்துவிட்டது என்று இன்று இரண்டு வேளை போடாதீர்கள். அடிக்கடி போட்டால் அதன் பலன் குறையவும் செய்யும்.

திறக்காத லட்டனோப்ராஸ்ட் பாட்டில்களில் பலவற்றை ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி லேபிளில் போட்டிருக்கும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலானவற்றை 4 வாரத்தில் தூக்கிப்போட வேண்டும், மீதி இருந்தாலும்.

அப்புறம், கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு வேறு சொட்டு வாங்கிப் போடும் பழக்கம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். நாம் மாதக்கணக்கில் இறக்கி வைத்ததெல்லாம் வீண்.

செக்கப் அன்று காலையில் மருந்து போடாமல் போகிறவர்களும் உண்டு. வழக்கம்போலப் போட்டுவிட்டே போங்கள், கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். நடுவில் சில நாள் விட்டுப்போயிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் இன்னொன்றைச் சேர்த்துவிடக்கூடும்.