பாட்டியின் முந்தானை, என் சுவரில்

பாட்டியின் காஞ்சிபுரம் கூறைப்புடவை பல வருஷம் பெட்டியில் மடித்தே கிடந்தது. மடிப்புக் கோடுகளில் பட்டு இற்றுப்போய், தேறியது முந்தானை மட்டும். ஆசையாகக் கூடத்தில் நாலு ஆணி அடித்து மாட்டினேன். பெரிய தப்பு. மொத்தக் கனமும் அந்த நாலு இடத்தில் இழுத்து, கிழியத் தொடங்கியது. நெஞ்சு பதறிவிட்டது.

உடனே இறக்கி, கஞ்சி போகத் துவைத்த காடாத்துணியைப் பின்னால் வைத்துத் தளர்வாகத் தைத்தேன். மெல்லிய ஊசி, இழையைக் குத்தாமல் இழைகளுக்கு இடையே நுழைய வேண்டும். இதற்கே பல மாலைகள் போயின. காடாவின் மேல் ஓரம் நெடுக பருத்தி நாடாவில் வெல்க்ரோவின் (அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் பிரியும் பட்டை) மென்பக்கம். முரட்டுப் பக்கம் சுவரிலுள்ள மரச்சட்டத்தில். கனம் இப்போது சீராகப் பரவுகிறது. கோந்து, செல்லோடேப் கிட்டவே வேண்டாம்.

வெயில் படாத சுவர், 50 லக்ஸுக்குள் (லக்ஸ், வெளிச்சத்தை அளக்கும் அலகு) மங்கலான வெளிச்சம். பாதி வருஷம் இறக்கி, குழாயில் சுருட்டி இருட்டில் வைக்கிறேன்.