பெங்களூரில் வீடு விற்க விலை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் சொந்த வீட்டை விற்கக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் விலையைத் தங்கள் தேவையிலிருந்துதான் கணக்குப் போடுகிறார்கள். மூன்று பிள்ளைகளுக்குத் தலைக்கு 70 லட்சம் வந்தாக வேண்டும், அதனால் 2 கோடியே 10 லட்சம். ஓசூரில் பார்த்து வைத்த வீட்டுக்கு இவ்வளவு, பெண் கல்யாணத்துக்கு இவ்வளவு, கூட்டினால் இவ்வளவு. வாங்க வருபவருக்கு இந்தக் கூட்டல் எதுவும் தெரியாது. தெரிந்தாலும் அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகத் தரமாட்டார். கையில் என்ன இருக்கிறது, வங்கி எவ்வளவு தரும், இதே காசுக்கு அடுத்த தெருவில் என்ன கிடைக்கும் என்பதுதான் அவர் கணக்கு. அவர் போடும் முன் அதை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டால் விலை நிர்ணயத்தில் முக்கால் வேலை முடிந்தது.

இணையத்தில் இருப்பது கேட்ட விலை

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்களில் உங்கள் ஏரியாவைத் தேடினால் ஒரு விலை தெரியும். அது விற்பவர்கள் கேட்கும் விலை. அந்த விலைக்கு விற்றதா, எட்டு மாதமாக அப்படியே கிடக்கிறதா என்பது அங்கே தெரியாது. 'பக்கத்து வீடு இரண்டு கோடிக்குப் போச்சாம்' என்ற தெருப்பேச்சும் இதே ரகம்தான்.

உண்மையில் கைமாறிய விலைக்கு நெருக்கமாகப் போக ஒரு வழி உண்டு. கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி தளத்தில், சமீபத்தில் விற்ற வீட்டின் விவரம் தெரிந்தால் அதன் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்க்கலாம். பத்திரத்தில் காட்டிய தொகை அதில் இருக்கும். ஆனால் அந்தத் தொகை அரசின் கைடன்ஸ் வேல்யூவோடு (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச மதிப்பு) அச்சு அசலாக ஒத்துப்போனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், பெரும்பாலும் மீதி வேறு வழியில் கைமாறியிருக்கும். வங்கிக் கடனில் வீடு வாங்கியவரின் பத்திரம்தான் நம்பத் தகுந்தது, ஏனென்றால் அதிகக் கடன் வேண்டுமென்றால் முழு விலையையும் பத்திரத்தில் காட்ட வேண்டும். கடைசி ஆறு மாதத்தில் இப்படி மூன்று விற்பனைகள் கிடைத்தால் போதும்.

கைடன்ஸ் வேல்யூவையே சந்தை விலையாக எடுத்துக்கொள்வதும் தவறு. அது 2023 அக்டோபரில் மாநிலம் முழுக்கத் திருத்தப்பட்டது. சில தெருக்களில் சந்தை விலை அதைவிட வெகுதூரம் மேலே இருக்கும், சில இடங்களில் கிட்டத்தட்ட அதிலேயே நிற்கும். அது நீங்கள் கீழே இறங்கக் கூடாத கோடு மட்டுமே. காரணம் பின்னால் வருகிறது.

நிலம் தனி, கட்டடம் தனி

தனி வீடு என்றால் மொத்தமாக ஒரு விலை யோசிக்காமல் சைட்டுக்கும் கட்டடத்துக்கும் பிரித்துப் போடுங்கள். தர்ட்டி ஃபார்ட்டி சைட், அதாவது 30க்கு 40 அடி மனை, 1,200 சதுரடி. உங்கள் தெருவில் சதுரடி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிலம் 1 கோடியே 80 லட்சம். மேலே இருபது வருடம் ஆன வீடு, தரைத்தளமும் முதல் மாடியும் சேர்த்து 18 சதுரம், அதாவது 1,800 சதுரடி. இன்று அதே வீட்டைக் கட்ட சதுரடிக்கு 2,200 ஆகும் என்றால் 39 லட்சத்து 60 ஆயிரம். கான்கிரீட் கட்டடத்தின் ஆயுளை 60 வருடம் என்று எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டது. மிச்சம் 26 லட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 2 கோடியே 6 லட்சம் சொச்சம்.

பலரும் வழுக்கி விழும் இடம் அந்தக் கடைசி 26 லட்சம். கிரானைட் போட்டோம், மாடுலர் கிச்சன் வைத்தோம், பூஜை அறைக்குத் தேக்கில் கதவு செய்தோம் என்று செலவழித்ததையெல்லாம் அப்படியே விலையில் ஏற்றுகிறார்கள். வாங்குபவர் அந்தக் கிச்சனைப் பிரித்துப் போடத் திட்டமிட்டிருக்கலாம். அல்சூர், ஸ்ரீராம்புரம், மர்ஃபி டவுன் போன்ற பழைய பகுதிகளில் வாங்குகிறவர் வீட்டையே இடித்துக் கட்டப் பார்ப்பவராக இருந்தால், கட்டடத்தின் மதிப்பு அவருக்குப் பூஜ்யம், இடிக்கும் செலவு வேறு. அங்கே சாலை அகலம்தான் பேசும். கார் நுழையாத சந்துக்கும் 30 அடி ரோட்டுக்கும் விலை ஒன்றாக இருக்க முடியாது, புதிதாக எவ்வளவு கட்ட அனுமதி கிடைக்கும் என்பதே ரோட்டு அகலத்தைப் பொறுத்தது.

விலை சொல்லும் முன் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 20க்கு 30 என்று இருக்கும். தரையில் அளந்தால் பத்தொன்பதரைக்கு 29 வரும். 600 சதுரடி என்று நினைத்தது 565.5 சதுரடி. சதுரடி 15,000 ரூபாய்க்கு இந்த முப்பத்துநாலரை சதுரடியின் மதிப்பு 5 லட்சத்து 17 ஆயிரம். வாங்குபவரின் இன்ஜினியர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னால் அவர் குறைப்பது ஐந்து லட்சத்தோடு நிற்காது, மற்றதிலும் சந்தேகம் வந்துவிடும்.

ஃபிளாட் என்றால் சூப்பர் பில்ட் அப்பை (படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கும் சேர்ந்த அளவு) வைத்து மட்டும் ஒப்பிடாமல், கார்பெட் ஏரியாவையும் (சுவர்களுக்குள் புழங்கும் இடம்) நிலத்தில் உங்கள் பங்கையும் பாருங்கள். 1,200 சதுரடி என்று சொல்லும் இரண்டு ஃபிளாட்டுகளில் உள்ளே புழங்கும் இடம் நூறு சதுரடிக்கு மேல் வேறுபடலாம்.

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 கோடையில் டேங்கருக்கு அலைந்த பிறகு இந்த ஊரில் வீடு பார்க்க வருகிறவர்கள் காவிரி இணைப்பு உண்டா என்று கட்டாயம் கேட்கிறார்கள். மெட்ரோவும் விலையைத் தூக்கும், ஆனால் ஓடுகிற மெட்ரோ. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு – பொம்மசந்திரா மஞ்சள் பாதை திறந்தது, அதன் பக்கத்தில் இருப்பவர்கள் அதைச் சொல்லி விலை கேட்கலாம். இன்னும் தூண் மட்டும் நிற்கும் இடத்தில், ரயில் வந்த பின் வரப்போகும் விலையை இன்றே கேட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

காகிதத்துக்கும் ஒரு விலை

கத்தா என்பது மாநகராட்சியின் சொத்துப் பதிவு; விதிப்படி இருக்கும் சொத்துக்கு ஏ கத்தா, அனுமதியில் குறை உள்ளதற்கு பி கத்தா. ஏ கத்தா வீடு விற்ற விலையைப் பார்த்து பி கத்தா வீட்டுக்குச் சொல்வது பெங்களூருக்கே உரிய தவறு. பல வங்கிகள் பி கத்தாவுக்குக் கடன் தருவதில்லை. கடன் இல்லை என்றால், முழுப் பணத்தையும் கையில் வைத்திருக்கும் சிலர் மட்டுமே வாங்க முடியும். போட்டி இல்லாத இடத்தில் விலையை அவர்கள்தான் சொல்வார்கள்.

2024 அக்டோபரிலிருந்து நகரத்துக்குள் பத்திரப் பதிவுக்கு இ-கத்தா (மின்னணு கத்தா) கட்டாயம். அதைக் கையில் எடுத்த பிறகே விலை சொல்லுங்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். பத்திரத்தில் இனிஷியலோடு பெயர் இருக்கும், ஆதாரில் அப்பா பெயரை விரித்து எழுதியிருக்கும், வரி ரசீதில் கன்னடத்தில் மூன்றாவது மாதிரி இருக்கும். இதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகலாம். அட்வான்ஸ் வாங்கிய பிறகு இது தெரிய வந்தால், தாமதத்தைக் காட்டி விலையைக் குறைப்பார்கள்.

வங்கி எவ்வளவு தாங்கும்?

ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக்கடன் 75 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து மதிப்பில் 75 சதவீதம் வரைதான் தரலாம். நீங்கள் ஒப்புக்கொண்ட விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்லும் விலை, இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் வங்கிகள் கணக்கிடும். பிளானில் இரண்டு தளம், கட்டியிருப்பது மூன்று என்றால், அனுமதி இல்லாத தளத்தை மதிப்பீட்டாளர் பொதுவாகச் சேர்க்கமாட்டார்.

மேலே சொன்ன 2 கோடியே 6 லட்சம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். வங்கி மதிப்பீடு 1 கோடியே 85 லட்சம் வந்தால் கடன் சுமார் 1 கோடியே 39 லட்சம். மீதி 67 லட்சம் வாங்குபவர் கையிலிருந்து வர வேண்டும். கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன் மேல் செஸ்ஸும் சர்சார்ஜும் சேர்ந்தால் 5.6. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதம். ஆக 7.6 சதவீதம், கிட்டத்தட்ட 15 லட்சத்து 70 ஆயிரம். இதற்குக் கடன் கிடையாது. மொத்தத்தில் ஏறக்குறைய 83 லட்சம் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். வங்கி முழு மதிப்பையும் ஒப்புக்கொண்டிருந்தால் 67 லட்சத்தில் முடிந்திருக்கும். 'பிடித்திருக்கிறது, யோசித்துச் சொல்கிறோம்' என்று போகிறவர்களில் பலர் திரும்பாதது இந்த 16 லட்சத்தால்தான். வங்கிகளுக்கு மதிப்பீடு செய்யும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் முன்கூட்டியே அறிக்கை வாங்கிவிடுங்கள், அந்தக் கட்டணம் வீண் போகாது.

புரோக்கரிடம் எப்படிச் சொல்வது

ஐந்து புரோக்கர்களிடம் ஐந்து விதமாகச் சொன்னால், ஒரே வீடு ஒரே தளத்தில் ஐந்து விலைக்கு நிற்கும். வாங்குபவர் அதில் குறைந்ததைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார். எல்லாருக்கும் ஒரே விலையை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். 'உங்களுக்கு நெட்டாக 1 கோடி 90, மேலே வருவது எனக்கு' என்ற ஏற்பாட்டுக்குத் தலையாட்டாதீர்கள். மேலே ஏற்ற ஏற்ற அவருக்கு லாபம், வீடு தேங்கினால் நஷ்டம் உங்களுக்கு. கமிஷன் ஒரு சதவீதமா இரண்டா என்று பேசி முடித்துவிடுவதே நல்லது.

பேரத்துக்கு 3 முதல் 5 சதவீதம் இடம் விட்டால் போதும். இருபது சதவீதம் ஏற்றி வைத்தால் பேரம் பேசவே ஆள் வராது. தளங்களில் தேடுபவர்கள் '2 கோடி வரை' என்று முழு எண்ணை வைத்துத் தேடுவதால் 2 கோடியே 3 லட்சம் என்று போட்ட வீடு அவர்கள் கண்ணிலேயே படாது. ஒன்று 2 கோடி என்று போடுங்கள், இல்லையேல் துணிந்து 2 கோடியே 12 லட்சம் என்று போட்டு இறங்கி வாருங்கள்.

வாரிசுகள் பலர் என்றால், எல்லோரும் சேர்ந்து இதற்குக் கீழே இல்லை என்ற ஒரு தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே வீட்டைக் காட்டத் தொடங்குங்கள். அண்ணன் ஒரு விலை, தங்கை ஒரு விலை சொல்லும் வீட்டில் அட்வான்ஸ் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது. லீசுக்கு (மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து) ஆள் இருந்தால் அந்தப் பணத்தை யார், எப்போது திருப்பித் தருவது என்பதையும் விலையோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். 15 லட்சம் லீஸ் பணத்தை வாங்குபவர் தருவதாக இருந்தால் அது விலைக்குள் அடக்கம், கூடுதல் அல்ல.

வரியும் கறுப்பும்

கைடன்ஸ் வேல்யூவுக்குக் கீழே போகாதீர்கள் என்றதற்குக் காரணம் இது. அரசு மதிப்பு 1 கோடியே 50 லட்சம், பத்திரத்தில் 1 கோடியே 30 லட்சம் என்றால் இடைவெளி வரிச் சட்டம் பொறுத்துக்கொள்ளும் பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டது. உங்களுக்கு வருமான வரி 1 கோடியே 50 லட்சத்தின் மேல் கணக்காகும். வித்தியாசமான 20 லட்சம் வாங்கியவரின் வருமானமாகக் கருதப்பட்டு அவருக்கும் வரி வரும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கினால் அதே அளவு தொகை உங்களுக்கு அபராதமாக வரலாம்.

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு இப்போது 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியிருந்தால், இங்கே வசிப்பவர்கள் விலைவாசி ஏற்றத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய முறையில் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். இந்த வரியை விலையில் ஏற்றாதீர்கள். கடைசியாக எதற்கு இறங்கலாம் என்று முடிவு செய்யவே இது தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது குறைப்பது

முதல் நான்கு வாரத்தில் பத்துப் பேர் வந்து பார்த்தும் ஒருவரும் விலை பேசவில்லை என்றால் விலை கொஞ்சம் கூடுதல், ஐந்து சதவீதம் இறங்கலாம். ஒருவரும் வரவே இல்லை என்றால் அதைவிட அதிகமாக எங்கோ தவறியிருக்கிறீர்கள், கணக்கை முதலிலிருந்து போடுங்கள். வாராவாரம் ஒரு லட்சம் ஒரு லட்சமாகக் குறைப்பது மட்டும் வேண்டாம், பார்ப்பவர்கள் இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார்கள்.

ஆனால் நாட்காட்டியையும் பாருங்கள். இங்கே கன்னடக் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் ஆஷாட மாதத்தில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயங்குவார்கள், நம்மவர்கள் ஆடியில். வழக்கமாக ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடு வரை இரண்டும் அடுத்தடுத்து வந்துவிடும். அந்த நாட்களில் ஆள் வரவில்லை என்பதற்காக விலையைக் குறைக்காமல், இ-கத்தா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் அடுக்கி வைத்துக்கொண்டு ஆவணி பிறந்ததும் அதே விலையில் மறுபடி விளம்பரம் போடுங்கள்.